நூலகச் செயலியில் தேடல் ஏபிஐ சேர்ப்பது: சறுக்கும் இடங்களும் தப்பும் வழிகளும்

கேள்வி இதுதான். பிளாஸ்கில் (பைத்தானில் வலைத்தளம் எழுத உதவும் கட்டமைப்பு) எழுதிய சின்ன நூலகப் பட்டியல் செயலி ஒன்று ஓடுகிறது. பின்னால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். முப்பதாயிரம் புத்தகங்கள் இருக்கலாம், பாதிக்கு மேல் தமிழ். பட்டியல் இப்போது வலைப்பக்கமாக மட்டுமே தெரிகிறது. ஆண்ட்ராய்டு செயலி எழுதும் நண்பர் ஒருவர், தலைப்பில் ஒரு சொல், ஆசிரியர், ஆண்டு இவற்றைக் கொடுத்தால் ஜேசனாக, அதாவது நிரல்கள் எளிதாகப் படிக்கும் எழுத்து வடிவில், பதில் வரவேண்டும் என்கிறார். நிரலோடு நிரல் பேசும் இந்த வாசலுக்குத்தான் ஏபிஐ என்று பெயர். ஓடிக்கொண்டிருப்பதைக் கெடுக்காமல் எப்படிச் சேர்ப்பது?

ஓடினால் போதும் என்றால் இருபது வரி கோட் போதும், மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடலாம். முதல் முறை நானும் அப்படித்தான் முடித்தேன். அப்புறம் மாதக்கணக்கில் ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தேன். எர்ரர் வந்தால் உடனே தெரிந்துவிடும், சரிசெய்துவிடலாம். என்னைப் படுத்தியது அதுவல்ல. கேட்டது ஒன்று, சர்வர் பதில் சொன்னது இன்னொன்று, அதையும் 'எல்லாம் சரி' என்று பொருள்படும் 200 என்ற எண்ணைப் போட்டுச் சிரித்தமுகமாகத் தந்தது. கீழே நான் சொல்வதில் பாதி இந்த ஒன்றைத் தடுப்பதற்காகத்தான்.

முதல் வேலை புது எண்ட்பாயிண்ட் (செயலி கேள்வி அனுப்பும் முகவரி) எழுதுவது அல்ல. பழைய பக்கத்தை உருவாக்கும் வியூ ஃபங்ஷனைத் திறந்து பாருங்கள். பிரவுசர் அனுப்பியதைப் படிப்பது, டேட்டாபேஸிடம் கேட்கும் எஸ்கியூஎல் வாக்கியத்தைக் கட்டி ஓட்டுவது, வந்ததை டெம்ப்ளேட்டுக்குள் ஊற்றுவது என்று மூன்று வேலையும் அங்கே ஒரே குழம்பாகக் கிடக்கும். நடுவில் இருப்பதை மட்டும் உருவி 'நூல்களைத் தேடு' என்று ஒரு தனி ஃபங்ஷனாக வையுங்கள். பிளாஸ்க் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியக்கூடாது. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு இவற்றைச் சாதாரண மதிப்புகளாக வாங்கிக்கொண்டு நூல்களைத் திருப்பித் தரவேண்டும், அவ்வளவுதான். பழைய பக்கம் இதைக் கூப்பிட்டு முன்போலவே ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு கமிட் செய்யுங்கள். புது எண்ட்பாயிண்ட் அதற்குப் பிறகு.

பழைய கோடைப் பிரதி எடுத்துக் கீழே ஒட்டிவிடலாமே என்று கை அரிக்கும். வேண்டாம். சில மாதம் கழித்து 'கழித்துக்கட்டிய நூல்களைக் காட்டாதே' என்று ஒரு நிபந்தனையைப் பக்கத்தில் சேர்ப்பீர்கள், ஏபிஐயில் சேர்க்க மறந்துவிடுவீர்கள். வாசகர் ஃபோனில் பார்த்துவிட்டு, எடைக்குப் போட்ட புத்தகத்தைத் தேடி நூலகம் வரை வந்து நிற்பார்.

அடுத்து முகவரி. புரிவதற்காக இங்கே பெயர்களைத் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் கோடில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்:

/ஏபிஐ/வி1/நூல்கள்?தலைப்பு=மரம்&ஆண்டு_முதல்=1990&ஆண்டு_வரை=2005

கேள்விக்குறிக்கு முன்னால் இருப்பது பொருளின் பெயர், பின்னால் இருப்பவை அதைச் சலிக்கும் நிபந்தனைகள். ஒரே ஒரு நூல் வேண்டுமென்றால் /நூல்கள்/482 என்று பாதையிலேயே எண்ணைக் கொடுங்கள். 'நூல்_தேடு', 'ஆசிரியர்_வழி_எடு' என்று ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பாதை திறந்தால் வருடக் கடைசியில் பதினைந்து பாதை இருக்கும், அதில் பாதி ஒன்றோடொன்று முரண்படும். அந்த 'வி1' இப்போது வீண் மாதிரித் தெரியும். ஆண்ட்ராய்டு செயலியை அப்டேட் செய்யாமலே வருடக்கணக்கில் வைத்திருப்பவர்கள் உண்டு. பதிலின் வடிவத்தை மாற்றவேண்டிய நாள் வந்தால் 'வி2' திறந்துவிட்டுப் பழையதை அப்படியே ஓட விடலாம்.

சர்வரிடம் கேட்கும் விதத்துக்கு மெத்தட் என்று பெயர், இங்கே அது கெட் (GET)தான். படிக்கிறோம், எதையும் மாற்றவில்லை. கெட் என்றால் முகவரியை நகலெடுத்து இன்னொருவருக்கு அனுப்பலாம், இடையில் கேஷ் (முன்பு தந்த பதிலின் சேமிப்பு) வைக்கலாம், நெட்வொர்க் அறுந்தால் பயமில்லாமல் மறுபடி கேட்கலாம். ஒரே ஒரு கவனம்: கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதெல்லாம் சர்வர் லாகில் அப்படியே பதிவாகும். உறுப்பினர் ஃபோன் எண்ணையோ, அனுமதிச் சாவியான டோக்கனையோ அங்கே வைக்காதீர்கள். டோக்கனுக்கு ஹெடர் (கேள்வியோடு, முகவரிக்கு வெளியே போகும் தகவல்) இருக்கிறது.

எந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லப் போகிறோம் என்பதை நண்பரோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். தலைப்பு, ஆசிரியர், ஆண்டு முதல், ஆண்டு வரை, மொழி, எத்தனை, எங்கிருந்து. ஏழு போதும். டேபிளின் எந்தக் காலத்தையும் (column, நெடுவரிசை) எந்த நிபந்தனையோடும் கேட்கலாம் என்று பொதுவான ஃபில்டர் மொழி ஒன்றை உருவாக்கும் ஆசை எல்லோருக்கும் ஒரு தடவை வரும். அதைச் செய்தால் டேபிளின் உள்ளமைப்பையே வெளியே விற்றுவிட்டீர்கள் என்று பொருள். நாளைக்கு ஒரு காலத்தின் பெயரைக்கூட மாற்றமுடியாது.

இனி மேலே சொன்ன சிரித்தமுகத் தவறு. பிளாஸ்கில் ஒரு பாராமீட்டரை (முகவரியில் பெயரும் மதிப்புமாக வரும் நிபந்தனையை) படிக்கும்போது 'இதை முழு எண்ணாக்கு' என்று டைப்பையும் சேர்த்துக் கொடுக்கலாம். வசதியானதுதான். ஆனால் ஆண்டு என்ற இடத்தில் யாராவது 'தொண்ணூறு' என்று அனுப்பினால் பிளாஸ்க் புகார் செய்யாது. மாற்ற முடியவில்லை என்றால் நீங்கள் முன்பே சொல்லிவைத்த டீஃபால்ட் மதிப்பைத் தந்துவிடும், டீஃபால்ட் கொடுக்கவில்லை என்றால் வெறுமை. உங்கள் கோட் 'ஆண்டு வெறுமை, அப்படியானால் ஆண்டு நிபந்தனை வேண்டாம்' என்று முப்பதாயிரத்தையும் தேடிக் கொடுக்கும். கேட்டவருக்கு 1990ஆம் ஆண்டு நூல்கள் என்று நினைப்பு, வந்தது எல்லா நூல்களும். பாராமீட்டர் பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலும் இதே கதைதான். 'ஆசிரியர்' என்பதற்கு 'ஆசிரயர்' என்று தட்டினால் அந்த நிபந்தனை காற்றோடு போகும், பதில் மட்டும் ஜம்மென்று வரும்.

நான் வேலை செய்த ஓர் இடத்தில் இப்படித்தான் நடந்தது. மொபைல் பக்கம் ஒரு பாராமீட்டரின் பெயரை மாற்றிவிட்டார்கள், சர்வர் பக்கம் யாருக்கும் சொல்லவில்லை. தேடல் வேலை செய்வது போலவே இருந்தது, ஏனென்றால் திரையில் ஏதோ புத்தகங்கள் வந்தன. மூன்று வாரம் கழித்து ஒரு வாசகர்தான், எதைத் தட்டினாலும் அதே இருபது புத்தகம் வருகிறதே என்று கேட்டார்.

அதனால் டைப் வசதியை விட்டுவிடுங்கள். மதிப்பைச் சரமாகவே (வெறும் எழுத்துத் தொடராக) வாங்கி நீங்களே சோதியுங்கள். தெரிந்த ஏழு பெயர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அதில் இல்லாத பெயர் ஒன்று வந்தால்கூட 'கேள்வி தவறு' என்று பொருள்படும் 400 அனுப்புங்கள், எந்தப் பெயர் தெரியவில்லை என்பதையும் சொல்லுங்கள். ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் பிளாஸ்க் முதலாவதை மட்டும் தரும். அதையும் 400 ஆக்குவது நல்லது. கறாராகத் தெரியலாம், ஆனால் எழுதுபவருக்குத் தவறு அன்றைக்கே தெரிந்துவிடும்.

ஆண்டைச் சோதிக்கும்போது ஒரு வேடிக்கை. பைத்தானின் முழு எண் மாற்றி தமிழ் எண்களையும் ஏற்கும்: ௧௯௯௦ என்று அனுப்பினாலும் 1990 என்றே புரிந்துகொள்ளும். 1_990 என்று நடுவில் அடிக்கோடு இருந்தாலும் ஏற்கும். முதலாவது எனக்குப் பிடித்திருக்கிறது, விட்டுவைத்திருக்கிறேன். எல்லையும் வையுங்கள். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 1578இல் கொல்லத்தில் வந்தது. உங்கள் நூலகத்தில் அதற்கு முந்தையதைத் தேடுபவர் பெரும்பாலும் விரல் தவறியவர். மேல் எல்லை அடுத்த ஆண்டு. அப்படியே டேட்டாபேஸுக்குள்ளும் ஒரு பார்வை விடுங்கள். சில தமிழ் நூல்களின் உள்பக்கத்தில் திருவள்ளுவர் ஆண்டு அச்சாகியிருக்கும், பதிவு செய்தவர் அதை அப்படியே ஏற்றியிருப்பார். அது 31 கூடுதல். இன்னும் பிறக்காத ஆண்டில் வெளிவந்த புத்தகம் ஏதாவது தட்டுப்பட்டால் ஆச்சரியப்படவேண்டாம்.

அடுத்தது எழுத்துகள் வழியில் படும் பாடு. 'சி++' என்று ஒரு நிரலாக்கப் புத்தகத்தைத் தேடுகிறார் ஒருவர். செயலி அதைச் சரியாக என்கோட் செய்யாமல் (முகவரிக்கு ஏற்ற குறியீடாக மாற்றாமல்) முகவரியில் ஒட்டி அனுப்பினால், கேள்விக்குறிக்குப் பின்னால் + என்பதற்கு இடைவெளி என்று பொருள். உங்களிடம் வந்து சேர்வது 'சி'யும் இரண்டு இடைவெளியும். 'சி#' என்றால் இன்னும் மோசம். # வந்ததும் அதற்குப் பின்னால் இருப்பது பக்கத்தின் உள்முகவரி என்று செயலியே எடுத்துக்கொண்டு, # உட்பட அத்தனையையும் அனுப்பாமலே விட்டுவிடும். பின்னால் ஆண்டு நிபந்தனை இருந்தால் அதுவும் சேர்ந்து போச்சு. & இருந்தால் அங்கே சரம் இரண்டாக உடையும். இது சர்வரில் திருத்தக்கூடியது அல்ல. நண்பரிடம் முகவரியைச் சரம் சேர்த்துக் கட்டாதீர்கள், லைப்ரரியிடம் பெயரும் மதிப்புமாகக் கொடுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

தமிழ் எழுத்துக்கு இதே என்கோடிங்கில் செலவு அதிகம். யுனிகோடில் 'நூலகம்' ஆறு குறியீடு: ந, ூ, ல, க, ம, புள்ளி. யுனிகோடைப் பைட்டாக எழுதும் முறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 18. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் % போட்டு மூன்று எழுத்தாகும், ஆக 54. எட்டாயிரம் பைட் வரையான முகவரியையாவது ஏற்கவேண்டும் என்று எச்டிடிபி தரம் பரிந்துரைக்கிறது, என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் டீஃபால்ட்டும் அந்த அளவில்தான் நிற்கிறது. சாதாரணத் தேடலுக்கு இது தாராளம். யாராவது பின்னட்டைப் பத்தியை அப்படியே தேடல் பெட்டியில் ஒட்டினால்தான் முட்டும். தலைப்புக்கு நூறு குறியீடு என்று வரம்பு வைத்தால் அந்தக் கவலையும் இல்லை.

இதைவிடப் பெரிய தலைவலி, கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொற்கள் உள்ளே வேறுவேறாக இருப்பது. இதைப் பல ஆங்கில வழிகாட்டிகள் சொல்லித்தருவதில்லை. கொக்கு என்பதில் உள்ள 'கொ'வை க-வும் ஒரே குறியீடான ஒகர அடையாளமும் என்று எழுதலாம். க, ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே, டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு. இதற்கு மருந்து என்எஃப்சி என்ற நார்மலைசேஷன், அதாவது இரண்டு வடிவத்தையும் ஒரே வடிவமாக்குவது. பைத்தானில் ஒரு வரி. போஸ்ட்கிரெஸிலும் 13ஆம் பதிப்பிலிருந்து அதற்கென்று ஃபங்ஷன் இருக்கிறது.

ஆனால் என்எஃப்சி தொடாத இடங்கள் மூன்று இருக்கின்றன. சௌந்தரம் என்ற பெயரை எத்தனையோ பேர் செளந்தரம் என்று தட்டுகிறார்கள். பின்னதில் இருப்பது ஔகார அடையாளம் அல்ல, ஒற்றைக்கொம்பும் ளகரமும். ஔவை, ஒளவை கதையும் அதேதான். மூன்றாவது ஸ்ரீ. 2005இல் யுனிகோடில் ஶ சேர்ந்த பிறகு அந்த எழுத்தை ஸகரத்திலும் கட்டலாம், ஶகரத்திலும் கட்டலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம்.

இதைத் திருத்துகிறேன் என்று ளகரம் போட்டதையெல்லாம் ஔகாரமாக மாற்றப் போனீர்களோ, வெள்ளம் வெள்ளி எல்லாம் நாசமாகும். நான் செய்துவிட்டு அவசரமாகத் திரும்பப் பெற்றிருக்கிறேன். எதிர்த்திசையில் போங்கள். டேபிளில் 'தேடல் வடிவம்' என்று ஒரு காலம் கூடுதலாக வைத்து, அதில் மட்டும் ஔகார அடையாளத்தை ஒற்றைக்கொம்பும் ளகரமுமாக உடைத்துவிடுங்கள், ஔ-வை ஒ-வும் ள-வும் ஆக்குங்கள், ஶகர ஸ்ரீயை ஸகர ஸ்ரீ ஆக்குங்கள். வெள்ளம் வெள்ளமாகவே இருக்கும், சௌந்தரத்தின் இரண்டு வடிவமும் ஒன்றில் வந்து விழும். தேட வரும் சொல்லையும் இதே ஃபங்ஷன் வழியாக அனுப்பிவிட்டு ஒப்பிடுங்கள். திரையில் காட்டுவது எப்போதும் அசல் தலைப்புதான், இந்த வடிவம் வெளியே தலைகாட்டக்கூடாது. வலைப்பக்கங்களிலிருந்து நகலெடுத்த தலைப்புகளில் கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும், அதே ஃபங்ஷனில் அவற்றையும் உதறிவிடுங்கள். ஆசிரியர் பெயருக்கென்றால் புள்ளியையும் இடைவெளியையும் நீக்குங்கள். 'நா. சு.', 'நா.சு.', 'நா சு' எல்லாம் ஒரே ஆள்.

எஸ்கியூஎல் பக்கம் வருவோம். பயனர் தந்த மதிப்பைச் சரத்தோடு சேர்த்து எஸ்கியூஎல் கட்டக்கூடாது, பாராமீட்டராகவே அனுப்பவேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தவர்களும் வழுக்கி விழும் இடம் ஆர்டர் பை (ORDER BY), எஸ்கியூஎல்லில் பதிலை வரிசைப்படுத்தச் சொல்லும் பகுதி. காலத்தின் பெயரைப் பாராமீட்டராக அனுப்ப முடியாது, மதிப்பைத்தான் அனுப்பலாம். அதனால் 'எதன்படி வரிசைப்படுத்துவது' என்று கேட்டு, வந்ததை அப்படியே எஸ்கியூஎல்லில் செருகிவிடுகிறார்கள், பின்வாசல் திறந்துகொள்கிறது. பின்னால் நீங்களும் அப்படி ஒரு வசதி வைத்தால், தலைப்பு, ஆண்டு என்று இரண்டு சொல்லை மட்டும் ஏற்று, அவற்றுக்கான காலப் பெயரை உங்கள் கோடே தேர்ந்தெடுக்கட்டும். வேறு எது வந்தாலும் 400.

எஸ்கியூஎல்லில் சொல்லின் பகுதியைப் பொருத்தும் லைக் (LIKE) வைத்துத் தேடினால் %, அடிக்கோடு இரண்டுக்கும் தனிப் பொருள் உண்டு. '100%' என்று தேடுபவருக்கு 100 இருக்கும் எல்லாத் தலைப்பும் வரும். வெறும் % தட்டினால் மொத்தப் பட்டியலும். இரண்டையும் எஸ்கேப் செய்துவிட்டு, அதாவது இவை வெறும் எழுத்துதான் என்று குறித்துவிட்டு அனுப்புங்கள்.

அப்புறம், 'செலெக்ட் நட்சத்திரம்' (SELECT *, எல்லாக் காலத்தையும் கொடு என்பது) கூடவே கூடாது. இன்றைக்கு நூல் டேபிளில் ரகசியம் எதுவும் இல்லை. நாளைக்கு யாரோ வசதிக்காக 'யாரிடம் இருக்கிறது' என்று ஒரு காலம் சேர்ப்பார். அன்றைக்கே அது உலகத்துக்கெல்லாம் ஜேசனாகப் போகும், ஒருவர் என்ன படிக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். வெளியே போகும் ஆறேழு காலத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

பக்கம் பக்கமாகப் பிரிப்பது. ஒரு தடவைக்கு 20, அதிகபட்சம் 100. பத்தாயிரம் கேட்டால் அமைதியாக 100 தராமல் 400 அனுப்புங்கள், காரணம் மேலே சொன்னதேதான். லிமிட்டும் (எத்தனை வேண்டும்) ஆஃப்செட்டும் (எத்தனையைத் தாண்டவேண்டும்) வைத்தால் போதாதா என்றால், உங்கள் அளவுக்கு வேகத்தில் பிரச்சினை இல்லை. ஆஃப்செட் 20,000 என்றால் டேட்டாபேஸ் இருபதாயிரம் வரிசையைப் படித்துத் தூக்கிப்போட்டுவிட்டுத்தான் அடுத்த இருபதைத் தரும், ஆனால் இருபதாயிரம் போஸ்ட்கிரெஸுக்குத் தூசு. தொந்தரவு வேறு இடத்தில். வாசகர் முதல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது நூலகர் புதுப் புத்தகம் ஒன்றைப் பதிகிறார், வரிசை ஒன்று தள்ளுகிறது, முதல் பக்கத்தின் கடைசி நூல் இரண்டாம் பக்கத்தில் மறுபடி தலைகாட்டுகிறது. கர்சர் முறையில் இது வராது. 'இந்தத் தலைப்பும் இந்த எண்ணும் கொண்ட நூலுக்குப் பிறகு வரும் இருபது' என்று கேட்பதுதான் கர்சர். அந்த இரண்டு மதிப்பையும் ஒரு சரமாக்கி 'அடுத்தது' என்ற பெயரில் பதிலோடு அனுப்புங்கள், செயலி அதைப் பிரித்துப் பார்க்காமல் அப்படியே திருப்பி அனுப்பட்டும்.

எந்த முறை வைத்தாலும் வரிசையில் கடைசியாக நூல் எண்ணையும் சேர்க்க மறக்காதீர்கள். ஒரே தலைப்பில் பத்துப் பிரதி இருந்தால், எது முன்னால் வரும் என்று டேட்டாபேஸ் எந்த வாக்குறுதியும் தராது.

தலைப்பு வரிசை என்றதும் ஒன்று. யுனிகோட் எண் வரிசையில் ந-வுக்கு அடுத்தது ன, ர-வுக்கு அடுத்தது ற. நம் அகராதியிலோ ழ, ள, ற, ன நான்கும் கடைசி. எண் வரிசையிலேயே அடுக்கினால் பட்டியல் தமிழாசிரியர் கண்ணில் படாமல் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளவேண்டியதுதான். போஸ்ட்கிரெஸ் 10 முதல் ஐசியூ கொலேஷன் (மொழிவாரி அகர வரிசை விதி) இருக்கிறது, தமிழுக்கானதை அந்தக் காலத்துக்குக் குறிப்பிட்டால் அகராதி வரிசை கிடைக்கும்.

வேகம் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். முப்பதாயிரம் வரிசையை முழுக்கத் துழாவினாலும் நேரம் மில்லிசெகண்டில்தான் இருக்கும். கேள்விக்கு ஆகும் நேரத்தைக் காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் போட்டு அளந்து பார்த்துவிட்டு, உண்மையிலேயே மெதுவாக இருந்தால் மட்டும் இண்டெக்ஸ் (டேட்டாபேஸ் வேகமாகத் தேட வைத்துக்கொள்ளும் அகரவரிசை) பக்கம் போங்கள். அப்போது ஒன்று நினைவிருக்கட்டும்: சொல் தலைப்பின் நடுவில் எங்கே இருந்தாலும் பிடிக்கவேண்டும் என்றால் சாதாரண பி-ட்ரீ இண்டெக்ஸ் உதவாது, சொற்களை மும்மூன்று எழுத்தாக நறுக்கும் டிரைகிராம் எக்ஸ்டென்ஷனும் ஜின் (GIN) என்ற வகை இண்டெக்ஸும் வேண்டும். இதை முன்கூட்டியே செய்யாவிட்டாலும், இந்த எண்ட்பாயிண்டுக்கான டேட்டாபேஸ் பயனருக்கு இரண்டு செகண்ட் டைம்அவுட்டை இன்றைக்கே வைத்துவிடுங்கள். ஏதோ ஒரு விபரீதக் கேள்வி சர்வர் முழுவதையும் பிடித்துக்கொண்டு நிற்காது.

'மரம்' என்று தேடினால் 'மரங்களின்' என்பதும் வரவேண்டாமா என்று நண்பர் கேட்பார். கேட்கத்தான் வேண்டும், நம் மொழி அப்படி. போஸ்ட்கிரெஸ் 12இல், 2019லேயே, முழுவுரைத் தேடலுக்குத் தமிழ் ஸ்டெம்மர் (விகுதிகளை வெட்டி வேர்ச்சொல்லாக்குவது) வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் தலைப்புகளில் நூறை எடுத்து ஓட்டிப் பாருங்கள், எங்கே அதிகமாக வெட்டுகிறது, எங்கே விட்டுவிடுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதல் வெளியீட்டில் வைக்கவேண்டாம் என்பது என் கட்சி. சொல்லின் ஒரு பகுதி பொருந்தினால் போதும் என்று ஆரம்பியுங்கள். 'மர' என்று தட்டினால் இரண்டும் வரும், கூடவே அமரரும் வருவார்.

பதிலின் வடிவம் இப்படி இருக்கட்டும்:

{ "நூல்கள்": [ { "எண்": 482, "தலைப்பு": "…", "ஆசிரியர்": "…", "ஆண்டு": 1994 } ], "அடுத்தது": "…" }

வெறும் பட்டியலாக அனுப்பாமல் வெளியே ஓர் உறை போட்டதற்குக் காரணம், நாளைக்கு அதில் வேறொன்றைச் சேர்க்க இடம் வேண்டும். மொத்தம் எத்தனை என்ற எண்ணிக்கையை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். ஒவ்வொரு தேடலுக்கும் இரண்டாவது குவெரி ஓட்டவேண்டியிருக்கும், கீழே தள்ளத் தள்ள வரும் ஃபோன் திரையில் யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஆண்டு தெரியாத நூலுக்கு பூஜ்யம் போடாதீர்கள், 'மதிப்பு இல்லை' என்னும் நல் (null) என்றே அனுப்புங்கள். இல்லையென்றால் அட்டவணையில் இயேசு காலத்துப் புத்தகங்கள் வரும்.

பிளாஸ்க் ஜேசனில் தமிழை அப்படியே எழுதாது. ஒவ்வொரு குறியீட்டையும் சாய்கோடு போட்டு ஆறு எழுத்து எண்ணாக்கி அனுப்பும். செயலி அதைச் சரியாகவே படித்துக்கொள்ளும், தவறில்லை. ஆனால் மூன்று பைட்டில் போகவேண்டியது ஆறாகிறது, நீங்கள் பிரவுசரில் திறந்து பார்த்தால் ஒன்றும் புரியாது. ஆஸ்கி (அடிப்படை ஆங்கில எழுத்துகள் மட்டும்) என்ற கட்டாயத்தை நிறுத்தும் செட்டிங் ஒரு வரிதான், மாற்றிவிடுங்கள்.

நிபந்தனைக்கு நூல் எதுவும் பொருந்தவில்லை என்றால் 200, வெற்றுப் பட்டியல். 'அப்படி ஒன்று இல்லை' என்னும் 404 அல்ல. தேடினோம், இல்லை, அதுவும் சரியான பதில்தான். /நூல்கள்/482 என்று கேட்டு அந்த எண்ணில் நூல் இல்லையென்றால் அப்போது 404. கேள்வியே தவறு என்றால் 400, உடன் ஜேசனில் எந்தப் பாராமீட்டர், என்ன தவறு என்று மனிதர் படிக்கும்படி ஒரு வரி. எந்த நிபந்தனையும் இல்லாமல் வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் புதிதாக வந்த இருபதைத் தருவேன். செயலியின் முகப்புக்கு அது பயன்படும்.

ஒவ்வொரு எழுத்துக்கும் தேடும் வசதியை நண்பர் வைக்கப் போகிறார் என்றால், தட்டுவது நின்று 300 மில்லிசெகண்டாவது ஆன பிறகு அனுப்பச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ஒரு தட்டு ஓர் எழுத்து. தமிழில் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் 'கொ' முழுதாக வருமுன் 'க்' ஒரு தடவை போய்விடும். யார் எத்தனை தடவை கேட்கலாம் என்ற வரம்பும், மீறினால் 'அதிகம் கேட்டுவிட்டீர்கள்' என்னும் 429ம் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். கோர்ஸ் (CORS) பற்றி இணையத்தில் படித்துக் குழம்பவேண்டாம், ஒரு தளத்தின் பக்கம் இன்னொரு தளத்தைக் கேட்பதைக் கட்டுப்படுத்தும் அது பிரவுசருக்கான காவல். ஆண்ட்ராய்டு செயலி நேரடியாகக் கேட்கும்போது அது குறுக்கே வராது.

டெஸ்ட்டுக்கு பிளாஸ்கின் டெஸ்ட் கிளையண்ட் போதும். சரியான கேள்விக்குச் சரியான பதில் வருகிறதா என்று ஒன்றிரண்டு எழுதிவிட்டு, மீதியைத் தவறான கேள்விகளுக்கு ஒதுக்குங்கள்: ஆண்டில் எழுத்து, ஆண்டு வெறுமை, முதல் ஆண்டு கடைசி ஆண்டைவிடப் பெரிது, தெரியாத பாராமீட்டர், ஒற்றை மேற்கோள்குறி உள்ள பெயர், வெறும் %, இரண்டு விதமாகக் கட்டிய கொக்கு, இரண்டு விதச் சௌந்தரம். பழைய வலைப்பக்கத்துக்கும் ஒரு டெஸ்ட் எழுதுங்கள், அதே ஃபங்ஷனைத்தானே அதுவும் கூப்பிடுகிறது.

வெளியிட்ட பிறகு முதல் இரண்டு வாரம், வெற்றுப் பட்டியல் திரும்பிய தேடல்களை மட்டும் தனி லாகில் எழுதி வையுங்கள், யார் கேட்டார் என்பதை விட்டுவிட்டு. நான் பராமரித்த பட்டியலில் அந்த லாகைத் திறந்தபோது மேலே நின்றவை இல்லாத புத்தகங்கள் அல்ல. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்த் தலைப்புகள். அதற்கு எட்டாவதாக ஒரு பாராமீட்டர் சேர்க்கவில்லை, தேடல் வடிவக் காலத்தின் பக்கத்திலேயே ஒலிபெயர்ப்புக்கு இன்னொரு காலம் சேர்த்தோம். செயலியில் ஒரு வரிகூட மாற்றவேண்டியிருக்கவில்லை.